ஆற அமர ஒரு அரை மணி

எங்கள் பங்கில் நோயாளிகளை வீட்டில் போய்ச் சந்திக்கும் குழு ஒன்று இருக்கிறது. போன மாதக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிஷம்; அதற்குள் செயலாளர் அடுத்த அஜெண்டாவுக்குப் போய்விட்டார். (அடுத்த அஜெண்டா, திருவிழாவுக்கு மைக் செட்.) அங்கே சொல்ல முடியாமல் போன மீதியை இங்கே எழுதுகிறேன்.

யோசனை இதுதான். ஒருவருக்கு மாதம் பதினோரு வீடு என்று இருப்பதை மூன்று வீடாகக் குறைப்போம். ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் ஆற அமர உட்காருவோம்.

விவரம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையை இயேசுவின் திரு இருதயத்துக்கு உரிய நாளாகக் கத்தோலிக்கர்கள் அனுசரிப்போம். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு அன்று வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோவது வழக்கம். சாமியார் ஒருவரே எல்லா வீட்டுக்கும் போய்வர முடியாது என்பதால் எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் சிலருக்கும் அதற்கு அனுமதி உண்டு. நான் ஒன்பது வருஷமாகப் போகிறேன். கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் நற்கருணைச் சிமிழ், கையில் ஜெபப் புத்தகம், சட்டைப் பையில் பட்டியல்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும். அதற்குமேல் வீடுகளில் ஆட்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நூற்றிருபது நிமிஷம், பதினோரு வீடு. நடை, மாடிப்படி, வாட்ச்மேனிடம் கையெழுத்து, நாயைக் கட்டும்வரை கேட்டுக்கு வெளியே நிற்பது, எல்லாம் போக ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிஷம் மிஞ்சும். சிலுவை அடையாளம், ஒரு சிறு வாசகம், பரலோக மந்திரம், நற்கருணை. "உடம்பு எப்படி இருக்கு?" "ஏதோ இருக்கேன்." "ஆண்டவர் பார்த்துக்குவார்." செருப்பு.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் கிளார்க்காக இருந்தவன். அரசாங்க குமாஸ்தா மெதுவாகச் செய்வதைப் பற்றி உபதேசம் செய்தால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கே வருகிறது. என் மனைவியிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது, "ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் ஆற அமரத்தானே இருந்தீங்க" என்றாள்.

ஆனால் அது வேறு. அலுவலகத்தில் நாங்கள் மெதுவாக இருந்தபோது காத்துக்கொண்டிருந்தவர் வெளியே பெஞ்சில் இருந்தார். பென்ஷன் பேப்பருக்காக வந்த விதவை, அரியருக்காக நடக்கும் பியூன். நம்மால் இன்னொருவர் காத்திருந்தால் அது தாமதம். அதற்கு நிதானம் என்று பெயர் வைக்கக் கூடாது. நான் சொல்லும் நிதானத்தில் காத்திருக்க வேண்டியவன் நான்தான்.

ஆபீஸில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். மாதக் கடைசியில் ஒரு ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். ஆரம்ப நிலுவை, இந்த மாதம் வந்தவை, பைசல் ஆனவை, இறுதி நிலுவை. பைசல் எண்ணிக்கையைக் கூட்ட ஒரு சுலபமான வழி இருந்தது. ஃபைலைப் படிக்காமலே, "கூடுதல் விவரம் தேவை" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டால் அதுவும் பைசல்தான். ஃபைல் என் மேஜையை விட்டுப் போய்விட்டது அல்லவா? அந்த வித்தையில் நான் கெட்டிக்காரன். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்து, நோயாளிகளின் கட்டிலருகே நின்றுகொண்டு அதையே செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிய வைத்தவர் ஒரு லைட்மேன்.

பட்டியலில் ஏழாவது வீடு. ரங்கராஜபுரம் பக்கம், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எண்பதைத் தாண்டிய பெரியவர். விஜயா வாஹினியில் லைட்மேனாக இருந்தவர். இன்று கோடம்பாக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஸ்டூடியோக்கள் எங்கே இருந்தன என்று காட்டுவதற்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை. கல்யாண மண்டபமும் ஆஸ்பத்திரியும் அடுக்குமாடியும்தான். செட்டுக்கு மேலே கட்டிய சாரத்தில் ஏறி நாள் முழுக்க அனலில் உட்கார்ந்திருந்தவர் அவர். பெரிய ஆர்க் விளக்குகளைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் கீழே இறங்கிப் போயிருந்தது. மகள் வீட்டில் முன்னறையில் கட்டில். நான் போகும்போது எப்போதும் சட்டை போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி, தயாராக உட்கார்ந்திருப்பார்.

ஒரு முதல் வெள்ளி, நற்கருணை கொடுத்து முடித்துச் சிமிழை மூடும்போது சொன்னார்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அவசரம் ஒண்ணும் இல்ல. நேரம் இருக்கறப்போ கொஞ்சம் உக்காருங்க."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு இருபது. இன்னும் நாலு வீடு.

"கட்டாயம் ஐயா. அடுத்த வாரம் தனியா வர்றேன், நிதானமா பேசுவோம்."

நான் மணி பார்த்ததை அவர் பார்த்தார். "ஆகட்டும் சார், நீங்க பாருங்க" என்று கையைத் தூக்கிச் சிரித்தார். அவசரம் இல்லை என்று அவரே சொன்னாரே என்று எனக்கும் சமாதானம். அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை இறந்துவிட்டார்.

ஏழாம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அங்கிள், அப்பா உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தாரு. சொன்னாரா?"

"இல்லம்மா."

"பரவாயில்ல அங்கிள்" என்றார். அந்தப் 'பரவாயில்ல'வுக்கு இப்போது இரண்டு வருஷம் ஆகிறது.

அது ஏதோ பெரிய ரகசியமாக இருக்கும் என்று நான் கற்பனை செய்வதில்லை. யாருக்கோ கொடுக்க வேண்டிய நூறு ரூபாயாக இருந்திருக்கலாம். முகம் கொடுத்துப் பேசாத தம்பியைப் பற்றி இருந்திருக்கலாம். பழைய ஷூட்டிங் கதையாகக்கூட இருந்திருக்கலாம். என்னவாக இருந்தாலும் அதைச் சொல்வதற்கு அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார், நான் 'கூடுதல் விவரம் தேவை' என்று எழுதித் திருப்பிவிட்டேன். அந்த மாதம் என் ஸ்டேட்மென்டில் பதினொன்றுக்குப் பதினொன்று.

அதற்குப் பிறகு மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை என்னால் பழையபடி வாசிக்க முடிவதில்லை. யாயிர் என்ற தொழுகைக்கூடத் தலைவருடைய மகள், பன்னிரண்டு வயதுப் பெண், சாகக் கிடக்கிறாள். தகப்பன் ஓடிவந்து காலில் விழுகிறான். இயேசு புறப்படுகிறார். இதைவிட அவசரம் ஒன்று இருக்க முடியுமா? வழியில், பன்னிரண்டு வருஷமாக ரத்தப்போக்கால் அவதிப்பட்டு, இருந்த பணத்தையெல்லாம் வைத்தியர்களிடம் கொடுத்து ஓய்ந்த ஒருத்தி கூட்டத்துக்குள் புகுந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். தொட்டவுடனே குணமாகிவிட்டது. அதோடு காரியம் முடிந்தது, போய்க்கொண்டே இருக்கலாம். அவர் போகவில்லை. நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீடர்களுக்கு எரிச்சல். (அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கையிலும் பட்டியல் இருந்திருக்க வேண்டும்.) அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து நடந்ததை எல்லாம் சொல்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக் கதையை ஒரு பெண் முழுவதும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் நின்று கேட்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்து சொல்கிறது, பெண் இறந்துவிட்டாள் என்று.

பிரசங்கங்களில் இந்த இடத்தைத் தாண்டி உடனே அந்தப் பெண் உயிர்த்தெழுவதற்குப் போய்விடுவார்கள். நான் அந்தத் தகப்பன் முகத்திலேயே நின்றுவிடுகிறேன். நின்று கேட்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை வேறு யாரோகூடக் கொடுக்க வேண்டியிருக்கலாம். நற்செய்தி இதை மறைக்கவில்லை. இயேசுவுக்கு அந்தப் பெண்ணைத் திரும்ப எழுப்ப முடிந்தது, நமக்கு முடியாது. ஆகவே கூட்டத்தில் என்னை மடக்கியவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. "நீங்க மூணு வீட்டுல உக்காந்துட்டா மிச்சம் எட்டு வீட்டுக்கு யார் சார் போறது? அவங்களும் காத்துக்கிட்டுத்தானே இருக்காங்க?"

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் இருக்கிறது. நற்கருணை கொடுப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும், அதில் தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் பதினோரு வீட்டுக்கும் கொண்டுபோகட்டும். ஆனால் ரிஜிஸ்டரில் அதை 'நோயாளர் சந்திப்பு' என்று எழுத வேண்டாம். சந்திப்பை வேறு நாளில், வேறு நேரத்தில், கையில் பட்டியல் இல்லாமல் வைத்துக்கொள்வோம். இன்னொன்று, எங்கள் பங்கில் அறுபது தாண்டி, கால் நன்றாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் டி.வி. பார்க்கும் ஆண்கள் எத்தனையோ பேர். குழுவில் இருப்பது ஆறு பேர். அவர்களைக் கூப்பிட்டால், "எனக்கு ஜெபம் சொல்ல வராதே, பைபிள் தெரியாதே" என்கிறார்கள். உட்காரத் தெரியுமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

உட்காருவது ஒரு ஊழியம் என்று எனக்கு முதலில் காட்டியவர் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. நான் புதுச்சேரியில் பிறந்தவன், படித்தது பிரெஞ்சு வழியில். 1954-லேயே நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டாலும் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. அப்பா மில் தொழிலாளி, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போவேன். வெள்ளை அங்கி அணிந்த வயதான சிஸ்டர் ஒருவர் வார்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாயங்காலம் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். ஜெபம் சொல்ல மாட்டார், மருந்து கொடுக்க மாட்டார், நாடி பார்க்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன், என்ன செய்கிறீர்கள் என்று. "ஜத்தான்" என்றார்.

காத்திருக்கிறேன் என்று அர்த்தம். (பிரெஞ்சு தெரியாத தெருப்பிள்ளைகளுக்கு இந்தச் சொல் 'அத்தான்' என்று காதில் விழும். அதை வைத்து நாங்கள் செய்யாத கேலி கிடையாது. அன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.) எதற்குக் காத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. அப்பா தூங்குவதற்கா, பேசுவதற்கா, சாவதற்கா? அப்பா பிழைத்து வந்து இன்னும் பதினாறு வருஷம் இருந்தார். டாக்டர் பெயர் கடைசிவரை அவருக்கு ஞாபகம் இல்லை. அந்த 'மா சேர்' மட்டும் பேச்சில் வந்துகொண்டே இருப்பார்.

காத்திருப்பதற்குப் பிரெஞ்சில் 'அத்தாந்த்ர்' என்று சொல்வார்கள். கவனத்துக்கு 'அத்தான்சியோன்'. இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஒன்றை நோக்கி நீளுவது, எட்டிக் குனிவது என்பது அந்த வேரின் பொருள். வகுப்பில் வாத்தியார் சொன்னபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். சிமோன் வெய் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1943-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 1950-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே, கடவுளுக்காகக் காத்திருத்தல் என்று பொருள்படுவது. துன்பப்படுகிறவனுக்குப் பணத்தைவிட அபூர்வமாகக் கிடைப்பது பிறருடைய கவனம் என்பது அவர் கட்சி. அறுபது வயதுக்குமேல் அதைப் படித்தபோதுதான் முக்காலியில் இருந்த சிஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போய் உட்காருவது நம் சபையில் புதிதும் அல்ல. புனித வின்சென்ட் தே பவுல் சபையை எல்லாப் பங்கிலும் பார்க்கலாம். 1833-ல் பாரிஸில் அதைத் தொடங்கிய ஃப்ரெதெரிக் ஒசானாமுக்கு அப்போது இருபது வயது, கல்லூரி மாணவர். உங்கள் திருச்சபை இப்போது என்ன செய்கிறது என்று எதிர்க்கட்சி மாணவர்கள் கேட்டதற்குப் பதிலாக அவரும் சில நண்பர்களும் ஏழைகளின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். ரொசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி அவர்களுக்கு வழி காட்டினார். உதவியை ஆள் மூலம் கொடுத்தனுப்புவதை அவர்கள் ஏற்கவில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து நேரில் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் அந்தச் சபையின் அடிப்படை வேலை. அரிசி மூட்டையை ஆட்டோவில் அனுப்பிவிடலாம். ஆள் போய் உட்கார வேண்டுமென்றால் ஆள்தான் போக வேண்டும்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்குச் சாந்திவனத்தைச் சொல்வேன். 1986-ல் ஒரு எல்.டி.சி. எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் போயிருந்தோம். (எல்.டி.சி. என்றால் இங்கே லீவ் டிராவல் கன்செஷன். அதை வாங்கிக்கொண்டு காஷ்மீருக்குப் போகாமல் குளித்தலைக்குப் போன ஒரே கிளார்க் நான்தான் என்று செக்ஷனில் சிரித்தார்கள்.) குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்புக்குள் அந்த ஆசிரமம். 1950 மார்ச்சில் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. ழூல் மொன்ஷனேன் லியோன் பக்கத்துக்காரர், 1939-ல் இந்தியாவுக்கு வந்து திருச்சி மறைமாவட்டக் கிராமங்களில் வேலை பார்த்தவர். ஆன்றி லெ சோ பிரித்தானி பக்கத்துத் துறவி, பின்னால் அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்டவர். காவி கட்டி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, காலையும் மாலையும் தியானத்தில் இருந்தார்கள். இந்தியர்கள் வந்து சேருவார்கள் என்று மொன்ஷனேன் எதிர்பார்த்தார். நிலைத்து நின்ற சீடர் என்று அவர் காலத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை. நோய் முற்றி, சிகிச்சைக்குப் போன இடத்தில், 1957-ல் பாரிஸில் காலமானார். என் ஸ்டேட்மென்டில் போட்டால் பைசல்: பூஜ்யம். 1968-ல் பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாங்கள் போனது அந்தக் காலத்தில்.

உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டாம் நாளே எனக்குச் சலித்துவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. மணி அடிக்கும், உட்காருவார்கள், எழுந்திருப்பார்கள், ஆறு ஓடும். மனைவிக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் மூன்றாம் நாள் திருச்சி மலைக்கோட்டை பார்க்கலாம் என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் லைட்மேன் வீட்டில் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

இப்போது 'மெதுவாக வாழ்வது' ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. மலையடிவாரத்தில் மண் வீடு, செல்போன் கிடையாது, கம்பு தோசை, ஒரு இரவுக்கு என் முதல் வருஷச் சம்பளம் முழுவதையும் கேட்கிறார்கள். போகிறவர்கள் போகட்டும். ஆனால் தன் நெஞ்சுப் படபடப்பைக் குறைத்துக்கொள்வதற்காக மெதுவாவது ஓய்வு. கிறிஸ்தவன் மெதுவாவது இன்னொருவருக்குக் கொடுக்க நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் எனக்கு ஒப்பாது. கொசுக்கே கொயாமா என்ற ஜப்பானிய இறையியலாளர், தாய்லாந்தில் மிஷனரியாக இருந்தவர், 1979-ல் ஒரு புத்தகம் எழுதினார். மணிக்கு மூன்று மைல் போகும் கடவுள் என்று தலைப்பு. மூன்று மைல் என்பது மனிதன் நடக்கும் வேகம். எருமையும் நெல்லும் உள்ள ஊரில் இருந்தவருக்குத்தான் அந்தக் கணக்குத் தோன்றும். கடவுள் அந்த வேகத்தில் போவது காற்று வாங்க அல்ல, கூட நடப்பவனை விட்டுவிடாமல் இருக்க.

எல்லாவற்றிலும் மெதுவாக இருக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு டாக்டர் ஆனவர், ஆழ்ந்த கிறிஸ்தவர். சாகப்போகிற நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டவர். அதே அம்மையார் வலி மருந்தில் கறாராக இருந்தார். வலி வந்து நோயாளி கத்தும்வரை காத்திருக்கக் கூடாது, மணிப்படி முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்றார். மருந்துக்கு ஓடு, மனிதனுக்கு உட்கார். நம் வீடுகளில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன். மாத்திரை வாங்க நாளைக்குப் போகலாம் என்பார்கள், பெரியவர் பேச ஆரம்பித்தால் மட்டும் அவசரம் வந்துவிடும்.

அப்படிச் சொல்லும்போதே அந்த மகள்களின் முகம் நினைவுக்கு வருகிறது. எட்டரைக்கு எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க வேண்டும், குழந்தைக்கு டிபன் கட்ட வேண்டும், அப்பாவுக்கு டயபர் மாற்ற வேண்டும். அவர்களிடம் போய் நிதானமாக இருங்கள் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நிதானம் என்பது பென்ஷன்காரனுக்குக் கிடைத்த சொத்து. அதனால்தான் நான் என் வயதுக்காரர்களைக் கேட்கிறேன். நாம் உட்கார்ந்தால் அந்த அரை மணியில் அந்தப் பெண் குளித்துவிட்டு வரலாம்.

எப்படி உட்காருவது என்பதில் எனக்கு இந்த இரண்டு வருஷத்தில் கொஞ்சம் பழக்கம் வந்திருக்கிறது. கட்டிலருகே நிற்கக் கூடாது, நிற்பவன் கிளம்பப் போகிறவன். நோயாளியின் கண் மட்டத்துக்கு நாற்காலி வேண்டும். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்கிறேன். சுகர் இருந்தாலும் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், காபி ஆறும்வரை யாரும் என்னை எழுப்ப முடியாது. கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். ஜெபத்தை முதலில் வைப்பதில்லை. ஜெபம் முடிந்தால் 'சரி, போயிட்டு வாங்க' என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. புத்தி சொல்வதில்லை. இது எனக்கு மிகவும் கஷ்டம்.

ஒரு வீட்டு வாசலில் மட்டும் திடீரென்று நிதானமாகிவிட முடியாது என்பதையும் கண்டுகொண்டேன். காலையிலிருந்து ஓடிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் உடம்பு உட்காரும், கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. பேங்க், இ.பி. பில் எல்லாம் மறுநாள். ஆட்டோவில் போவதில்லை, நடக்கிறேன். மெட்ரோவுக்காக ஆற்காடு சாலையைத் தோண்டிய நாளிலிருந்து ஆட்டோவைவிட நான்தான் சீக்கிரம் போகிறேன் என்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் யோசனையைப் பொதுவாக ஏற்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்ற காரணத்தை எழுதி, என் பட்டியலை மூன்று வீடாகக் குறைத்திருக்கிறார்கள். மீதி எட்டு வீடு இரண்டு பேருக்குக் கூடியிருக்கிறது. அவர்களில் ஒருவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

என்னுடைய மூன்று வீட்டில் ஒன்று டிரஸ்ட்புரத்தில். எண்பத்திரண்டு வயது அம்மா, பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. அதிகம் பேச மாட்டார். மதியம் மூன்று மணிக்குப் போனால் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். கதையில் யார் மருமகள், யார் நாத்தனார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விளம்பரம் வரும்போது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பார். போன தடவை அப்படிக் குறைத்துவிட்டு, "பெரியவன் துபாய்ல இருக்கான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம்" என்றார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. அவர் மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

வருகிற வியாழக்கிழமை மூன்று மணிக்கு மறுபடி போகிறேன்.